சூடு பார்த்த கை

என் மாமியாரைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் கையைத்தான் சொல்லுவேன், முகம் அப்புறம்தான். எதைப் பார்த்தாலும் அந்த அம்மா கை வைப்பார். சோற்றுப் பானையில் வைப்பார், இஸ்திரிப் பெட்டியில் வைப்பார். ஒரு தடவை கரன்ட் மீட்டர் பெட்டியில் வைத்துப் பார்த்து, சுட்டுகினு கீது, ஃபேனை நிறுத்து என்றார். வீட்டுக்கு வருகிறவர்கள் நெற்றியும் தப்பாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் தோளில் இருந்ததை இறக்கி நிமிர்வதற்குள் அவன் கழுத்தில் கை வைத்து, உடம்பு சரியில்லை, வீட்டுக்குப் போ என்று விரட்டினார். பாவம், அடுத்த நாள் அவன் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் வந்துதான் வரவில்லையா, இந்த அம்மா சொன்ன பயத்தில் வரவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவரைப் பற்றி எதை யோசித்தாலும் இப்படித்தான் முடிகிறது. இதுவா, அதுவா என்று தெரியாமல்.

நான் மீஞ்சூர்க்காரி. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த அன்றைக்கு அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணவே முடியவில்லை. எல்லாருக்கும் தொண்டை பெரிசு. கருவாட்டு வாசனை வேறு. நான் பீரோவுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தேன். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்தார். உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தார். கண்ணை எடுக்காமல் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாமே, இப்பிடிக் கொதிக்குது? போய்ப் படு. இவளை எவனும் எழுப்பக் கூடாது, சொல்ட்டேன்."

போய்ப் படுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் போர்வையை இழுத்துவிட்டு ஆசை தீர அழுதேன். அப்படியே தூங்கியும் போனேன். சாயங்காலம் எழுந்ததும் அம்மா பெட்டியில் வைத்து அனுப்பியிருந்த தெர்மாமீட்டரை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். காய்ச்சலே இல்லை. இந்த அம்மாவுக்குக் கை சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம் அது.

அந்தக் கை முக்கியமாக இருந்தது வீட்டில் இல்லை, போட்டில். எங்களுக்குக் காசிமேட்டில் ஒரு விசைப்படகு இருந்தது. மாமனார் விட்டுப்போனது. ஓட்டியது என் வீட்டுக்காரர். எங்கள் சோறு, துணி, மருந்து, திமிர் எல்லாமே அந்த ஒரு போட்டுதான். அதன் வயிற்றில் இன்ஜின் இருக்கும். இன்ஜினிலிருந்து நீளமாக ஒரு இரும்புத் தண்டு, ஷாஃப்டு என்பார்கள், பின்பக்கம் மரத்தைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போய் விசிறியைச் சுற்றும். தண்டு சுற்றவும் வேண்டும், அந்த ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வந்துவிடவும் கூடாது. அதற்காகக் கொழுப்பு ஊறிய பஞ்சுக் கயிற்றைத் தண்டைச் சுற்றித் திணித்து, மேலே பித்தளையில் ஒரு மூடி போட்டு நட்டால் இறுக்குவார்கள். அதற்குப் பெயர் கிளாண்டு.

இதில் எனக்குப் புரியாத விஷயம் என்னவென்றால், அதை முழுசாக இறுக்கிவிடக் கூடாதாம். சொட்டுச் சொட்டாகக் கடல்தண்ணீர் உள்ளே விழுந்துகொண்டே இருக்க வேண்டுமாம். தண்டும் கயிறும் உரசுகிற சூட்டை அந்தச் சொட்டுதான் எடுத்துக்கொண்டு போகிறது. சொட்டு நின்றால் கயிறு காயும், தண்டு சுடும், காய்ந்த கயிறு தண்டை அறுக்க ஆரம்பிக்கும். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது இதைச் சொன்னார். பஞ்சு போய் இரும்பை அறுக்குமா, யாரிடம் கதை விடுகிறீர்கள் என்று சிரித்தேன். மனுஷன் சாப்பிட்ட கையோடு என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். துணிக்கொடி கட்டியிருந்த பழைய ஷாஃப்டுத் துண்டைக் காட்டினார். இரும்பைச் சுற்றி வளையம் வளையமாகப் பள்ளம். என் நகம் உள்ளே போனது. கயிற்றில் மணலும் உப்பும் ஏறிவிட்டால் அது கயிறு இல்லை, அரம் என்றார். எனக்கு ஒத்துக்கொள்ள மனசே வரவில்லை. ஓட்டை ஒழுகினால் நல்லது, ஒழுகாவிட்டால் ஆபத்து என்று உலகத்தில் வேறு எங்கே சொல்லுவார்கள்?

போட்டு கரைக்கு வந்ததும், ஒரு கூடை மீன் மேலே ஏறுவதற்கு முன்னால், அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்ஜின் அறைக்குள் இறங்கிவிடுவார். பொம்பளை போட்டில் ஏறக் கூடாது என்று அக்கம்பக்கத்து ஆண்கள் முனகுவார்கள். ஷாஃப்டு போனால் நீங்கள் வந்து தள்ளுவீர்களா என்று ஒரே கேள்வியில் வாயை அடைப்பார். கீழே போய்க் கிளாண்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். கண் மட்டும் அதில் இருக்காது. பக்கத்தில் நிற்கிற மகன் முகத்தில் இருக்கும். அப்புறம் ‘சூடு’ என்பார், இல்லை ‘சரி’ என்பார். கடலுக்குப் போகும்போதும் அப்படித்தான். ஜெட்டியில், போட்டு கட்டுகிற மேடையில், கட்டிய கயிற்றோடு, ஒரு டீ குடிக்கிற நேரம் இன்ஜினை ஓடவிட்டு, அத்தை கை வைத்து ‘சரி’ என்றால்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள். ஆட்கள் அதில் சாமி கும்பிடுகிற மாதிரி இருந்தார்கள்.

ஒரு நாள் ‘சூடு’ என்றார். என் வீட்டுக்காரர் உடனே தன் கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்புக்கூட இல்லை. இல்லையே அம்மா என்றார். அத்தை கையை எடுக்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், மனுஷன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். போன தடவையிலிருந்தே கியர் பெட்டியில் ஒரு சத்தம் வருகிறது, சொன்னால் கரையில் நிறுத்திவிடுவாய் என்று சொல்லவில்லை என்றார். பிரித்தால் உள்ளே ஒரு பல்லு போயிருந்தது. காசிமேடு பூராவும் அத்தை கையைப் பற்றித்தான் பேச்சு. கிளாண்டைத் தொட்டே கியர் பெட்டியைக் கண்டுபிடித்தது என்றார்கள். சுடாத கிளாண்டைச் சூடு என்று சொன்னாரே, அதை யாரும் கேட்கவில்லை. நான் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். உனக்கு எதுக்கு அது என்றுவிட்டார்.

இன்னொரு கூத்தும் உண்டு. திருவொற்றியூர் தேருக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், ஆனால் தேர் என்றால் அத்தைக்கு உயிர். தெருவோரம் உட்கார்ந்திருந்த ஜோசியக்காரியிடம் கையை நீட்டினார். அவள் லென்ஸை எடுத்துப் பார்த்தாள், துடைத்துவிட்டுப் பார்த்தாள், கடைசியில் கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ரேகையே இல்லையாம். ஐஸ் கட்டியிலும் மீன் செதிளிலும் நைலான் கயிற்றிலும் சின்ன வயசிலிருந்து தேய்ந்த கை அது, வழவழவென்று இருக்கும். அத்தை அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். எனுக்கு இன்னா நடக்கும்னு சாமிக்கே தெரியாது என்பார். கொதிக்கிற இட்லிப் பானையைத் துணி பிடிக்காமல் இறக்குவார். கை பழகிவிட்டது என்று எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

என் பெண்ணுக்குப் பல்லு முளைக்கிற வயசில் ஒரு சாயங்காலம் காய்ச்சல் அடித்தது. தெர்மாமீட்டரில் நன்றாகவே ஏறியிருந்தது. வீட்டுக்காரர் கடலில். சோற்றைத் தொடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். அத்தை வந்து குழந்தை நெற்றியில் கை வைத்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் இல்லை, பல்லு வருது, ஈரத்துணி போடு, நீ சோறு சாப்பிடு என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! கண்ணாடிக் குழாயில் தெரிகிறது, இந்த அம்மா கையை நம்பச் சொல்கிறாரே என்று கத்தினேன். அவர் பாட்டுக்குத் தட்டில் சோறு போட்டு என் மடியில் வைத்தார். காலையில் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. பல்லும் வந்துவிட்டது. அதுவரைக்கும் கோபமாக இருந்த நான் அன்றிலிருந்து வெட்கம்கெட்டுப் போய் அந்தக் கையை நம்ப ஆரம்பித்தேன். என் முதுகு வலிக்குக்கூட அவர் கையைத்தான் கேட்பேன்.

சுனாமிக்கு முந்தின வருஷம். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம். போட்டுகளையெல்லாம் கரையேற்றிப் பெயின்ட் அடித்து, கிளாண்டுக்குப் புதுக் கயிறு போட்டு இறக்கியிருந்தார்கள். முதல் தடவை கடலுக்குப் போவதற்கு முன்னால் பாதர் வந்து மந்திரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இன்ஜின் அறைக்கும் இறங்கித் தீர்த்தம் தெளிப்பார். அதற்கு முந்தின வருஷம் அப்படி இறங்கியபோது அடியில் தேங்கியிருந்த கருப்புத் தண்ணீரில் அவருடைய வெள்ளை அங்கி முழங்கால்வரை நாறிப்போனது. பாதர் சிரித்துக்கொண்டுதான் போனார். என் வீட்டுக்காரருக்குத்தான் ஆறவில்லை. இந்த வருஷம் அடித்தளம் காய்ந்து பளபளவென்று இருக்க வேண்டும் என்று முடிவு பண்ணினார். தண்ணீரையெல்லாம் இறைத்துவிட்டு, சொட்டு நிற்கும்வரை கிளாண்டை இறுக்கிவிட்டார். பாதர் போனதும் இளக்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்.

பாதர் வந்தார், மந்திரித்தார், அங்கியில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டாமல் ஏறிப் போனார். அதற்குள் துறைமுகத்தில் அத்தனை போட்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டன. முதல் பாடு, முதல் மீன், யாருக்கு என்று ஒரே கூச்சல். டீ குடிக்கிற நேரமெல்லாம் இன்ஜினை ஓடவிட யாருக்குப் பொறுமை? அத்தை இறங்கினார். கை வைத்தார். மகனைப் பார்த்தார். அவர் புதுச் சட்டையில், கழுத்தில் மாலையோடு, வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார். கிளாண்டை இறுக்கியதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"சரி. போய்ட்டு வா நைனா."

மறுநாள் மத்தியானம் வலை கிழிந்து திரும்பிய ஒரு போட்டுக்காரர் சேதி கொண்டுவந்தார். எண்ணூருக்கு வடக்கே எங்கள் போட்டு பின்பக்கமாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருக்கிறது, துணைக்குப் பக்கத்தில் வேறு போட்டு இருக்கிறது, மெதுவாக வருகிறார்கள் என்றார். அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. கடலில் எங்கள் ஆளிடம் செல்போன் கிடையாது. ஜெட்டியில் ஒரு ஐஸ் பெட்டிமேல் அத்தையும் நானும் உட்கார்ந்தோம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜில்லுன்னு கீதே என்றார். உச்சி வெயில், எனக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் இவர் என்ன சொல்கிறார் என்று எரிச்சலாக வந்தது. கையை மட்டும் நான் உருவிக்கொள்ளவில்லை.

போட்டு வந்தபோது பின்பக்கம் தாழ்ந்திருந்தது. நடந்ததை ஆட்கள் சொன்னார்கள். தீய்ந்த வாசனை வந்து பார்த்தால் கிளாண்டில் புகையாம். புதுக் கயிறு கருகி உதிர்ந்துபோனது. நட்டை இளக்கினால் கடல் பீய்ச்சிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. கட்டியிருந்த லுங்கியைக் கிழித்துக் கிரீஸில் முக்கித் திணித்து, மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, இன்ஜினை முனகவிட்டு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். துறைமுக வாயில் வந்ததும் ஊற்றுகிறவன் கை ஓய்ந்து வாளியைப் போட்டுவிட்டான்.

இவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அத்தை கீழே இறங்கிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். எம்மா தொடாத, இப்பத்தான் நிறுத்தனேன் என்று என் வீட்டுக்காரர் கத்தினது எனக்குக் கேட்டது. அதற்குள் கை கிளாண்டில் இருந்தது. ஆவி கிளம்பியது. அத்தை மகன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு வந்துவிட்டோம் என்று அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"ஆறிப்போச்சுடா. ஒண்ணும் இல்ல" என்றார் அத்தை.

நான்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அப்போது என் விரல் நுனி பித்தளையில் பட்டது. அலறிவிட்டேன். அவர் உள்ளங்கை வெந்து வெளுத்திருந்தது. இன்னாமே, ஏன் கத்துற என்று என்னைக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர் சின்னப் பெண். அத்தையின் இன்னொரு கையை வாங்கி ஊசியால் லேசாகக் குத்தினாள். குத்துது என்றார் அத்தை. அடுத்த தடவையும் சரியாகச் சொன்னார். கண்ணை மூடுங்கம்மா என்றாள் டாக்டர். மூடிக்கொண்டார். டாக்டர் குத்தினாள், குத்தினாள், குத்திக்கொண்டே இருந்தாள். அத்தை பேசவே இல்லை. எப்போது குத்துவாள் என்று காத்துக்கொண்டிருக்கிற ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். சர்க்கரையால் நரம்பு செத்திருக்கிறது, இன்று நேற்று இல்லை, பல வருஷமாக என்றாள் டாக்டர்.

வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போது கேட்டேன். உங்களுக்குத் தெரியுமா அத்தை?

"தெரியாம இன்னா. உன் பொண்ணு பொறக்கறதுக்கு முந்தியே கை மரத்துப்போச்சு."

அப்படியென்றால் கியர் பெட்டி? என் குழந்தையின் காய்ச்சல்? கேஸ்காரன்? ஒன்றொன்றாகத் தலைக்குள் ஓடியது. சூடு, சரி என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே சண்டை மாதிரிக் கேட்டது.

"சொல்லணும்ல? எதனா ஒண்ணு சொல்லலன்னா அவன் அங்கியே நின்னுகினு கீறான். மூஞ்சியப் பாத்தா தெரியும். இந்த வாட்டி தெரில." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாய் வாங்கிக்கொண்டு, மீன் குழம்பில் புளி கம்மி என்றார்.

அப்புறம் நான் எவ்வளவோ யோசித்திருக்கிறேன். இது ஏமாற்று வேலையா? என் கணவரையும் அத்தனை ஆட்களையும் ஒரு செத்த கையை நம்பிக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாரே என்று நினைத்தால் வயிறு எரிகிறது. கல்யாணத்தன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அழுவதற்கு இடம் பண்ணிக்கொடுத்தது அதே கைதான் என்று நினைத்தால் அழுகை வருகிறது. ரெண்டும் ஒரே அம்மா. என் வீட்டுக்காரர் ஷாஃப்டை மாற்றினார். கழற்றிய ஷாஃப்டில் பள்ளம் விழுந்த துண்டு பின்கட்டில் பழையதற்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. அடுத்த தடவை கிளம்பும்போது, எல்லாம் தெரிந்திருந்தும், கட்டுப் போட்ட அந்தக் கைக்காகக் கீழே நின்று காத்துக்கொண்டிருந்தார். அத்தையும் இறங்கிப் போய் வைத்தார். ஆட்களில் ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. நான் மேலே நின்றுகொண்டு, இவர்களுக்குப் பைத்தியமா எனக்குப் பைத்தியமா என்று நினைத்தேன்.

அத்தை போய்ச் சேர்ந்த பிறகு கொஞ்ச நாள் யாரும் கை வைக்கவில்லை. சொட்டு விழுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போனால் போதும்தான், அதில் தப்பே வராது. என் வீட்டுக்காரரும் பார்க்கத்தான் செய்தார். ஆனால் கயிற்றை அவிழ்க்க நேரமாக்கிக்கொண்டே இருந்தார், திரும்பத் திரும்பக் கீழே போனார். ஒரு நாள் விடியற்காலையில் ஜெட்டியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கிளாண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை வைத்தேன்.

என் கை நன்றாகத்தான் இருக்கிறது. வெதுவெதுப்பு தெரிந்தது, அதிர்வு தெரிந்தது, சொட்டு பட்டால் குளிர்ந்தது. இவ்வளவும் தெரிந்தும் என்ன சொல்வதென்று மட்டும் தெரியவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதில் ஒன்றுமே பிடிபடவில்லை. மேலே ஆட்கள் கயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"சரி, போய்ட்டு வாங்க" என்றேன்.

போட்டு வாயிலைத் தாண்டிப் போகிறவரை ஜெட்டியில் நின்றேன். நான் சொன்னது சரியா என்று அவர் திரும்பி வந்தால்தான் தெரியும்.